மணிக்கட்டிலே ஒரு கணக்கப்பிள்ளை

ஒரு சமுதாயத்தில் அன்றாடம் புழங்கும் பொருள்கள் அச்சமுதாயத்தின் உறவுகளைத் தம்மேல் தாங்கி நிற்பன. கவிதையையும் நாவலையும் அவை தோன்றிய காலத்தின் பின்னணியில் வைத்து நோக்க வேண்டும் என்பது முற்போக்கு விமரிசனத்தின் அடிப்படைக் கோட்பாடு. அந்த நோக்கினை ஒரு பாவனைப் பொருளின்மீதும் செலுத்திப் பார்த்தல் தகும். யார் செய்தது, யாருக்காகச் செய்தது, எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்னும் வினாக்கள் இலக்கியத்துக்கு மட்டும் உரியவை அல்ல.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஓர் இறப்பர்ப் பட்டி. அதன் நடுவே விரலளவான ஒரு திரை. நடந்த அடிகளையும், இதயத் துடிப்பையும், உறங்கிய நேரத்தையும் அது எண்ணிச் சொல்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பின் வசதி படைத்தோர் கைகளில் மாத்திரம் காணப்பட்ட இப்பொருள் இன்று சில ஆயிரம் ரூபாவுக்கு எந்தச் சிறு நகரத்துக் கடையிலும் கிடைக்கிறது. எமது பாடசாலை ஆசிரியர் அறையிலே ஐந்தாறு பேர் கட்டியிருக்கிறார்கள். நாமும் ஏறத்தாழ ஓராண்டு காலம் கட்டியிருந்தோம்.

இப்பட்டியைப் பற்றி எம்மவரிடையே இரு வகையான மனப்பான்மைகள் நிலவுகின்றன. எங்கள் பாட்டன்மார் எதைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள் என்று கேட்டு நகைப்போர் ஒரு சாரார். திரையிலே தோன்றும் எண்ணை வேதவாக்காகக் கொண்டு, மாலையில் எண்ணிக்கை குறைந்தால் வீட்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து அதனை நிரப்புவோர் மற்றொரு சாரார். முன்னையது பழமைவாதம், பின்னையது எண் வழிபாடு. பாட்டன்மார் காலத்தைப் புகழ்வோர், அக்காலத்தில் எத்தனை பேர் ஐம்பது வயதைக் காணாமலே மாண்டனர் என்பதை மறந்துவிடுகின்றனர். எண்ணை வழிபடுவோர், அவ்வெண் எங்கிருந்து வந்தது என்று வினவுவதேயில்லை. இரு சாராரும் பொருளை ஆராயவில்லை.

முதலில் இக்கருவி செய்வது யாது என்று காண்போம். பட்டியின் உள்ளே மிகச் சிறிய ஆர்முடுகல்மானி ஒன்று இருக்கிறது. கை எத்திசையில் எவ்வளவு விசையுடன் அசைகிறது என்பதை அது உணரும். நடக்கும்போது கை ஓர் ஒழுங்கான தாளத்தில் வீசப்படுவதால், அந்தத் தாளத்தைக் கண்டு அடிகளை ஊகிக்கின்றனர். இதயத் துடிப்பை அறிவதற்குப் பட்டியின் அடிப்புறத்திலிருந்து பச்சை ஒளி தோலின்மீது பாய்ச்சப்படுகிறது. இதயம் துடிக்குந்தோறும் மணிக்கட்டின் குருதிக் குழாய்களில் இரத்தம் பெருகும். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சுவதனால் திரும்பி வரும் ஒளி குறையும். அந்த ஏற்றவிறக்கமே துடிப்பாகக் கணிக்கப்படுகிறது. இஃது எளிமையும் அழகும் வாய்ந்த பௌதிகம். பத்தாம் வகுப்பு மாணவனுக்கு ஒரு பாடவேளையில் விளக்கிவிடலாம்.

ஆயின், நேரே அளக்கப்படுவது எது, ஊகிக்கப்படுவது எது என்ற வேறுபாட்டைத் திரை காட்டுவதில்லை. துடிப்பும் கலோரியும் ஒரே எழுத்தில், ஒரே உறுதியுடன் அதிலே தோன்றுகின்றன. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஏழு மணிக்கட்டுக் கருவிகளை 60 பேரிடம் சோதித்தனர். இதயத் துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை நூற்றுக்கு ஐந்துக்குள் அடங்கியது. உடல் செலவிடும் சக்தியைக் கணிப்பதிலோ ஒன்றேனும் தேறவில்லை. மிகச் சிறந்த கருவியின் பிழை நூற்றுக்கு 27. மிக மோசமானதன் பிழை நூற்றுக்கு 93. அவை மலிவான கருவிகளும் அல்ல. பட்டி கூறும் கலோரிக் கணக்கை நம்பி இன்னொரு துண்டு பாண் உண்பவர் எதனை நம்பி உண்கிறார் என்பது சிந்திக்கத்தக்கது.

இனி, பலராலும் இயற்கை விதிபோலக் கொள்ளப்படும் நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்னும் அளவுக்கு வருவோம். எமது பத்திரிகைகளின் உடல்நலப் பக்கங்கள் இவ்வெண்ணைப் பிரமாணமாகவே எழுதி வருகின்றன. இதன் பிறப்பிடம் வைத்தியசாலையன்று, சந்தை. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நடைபெற்றதையடுத்து யப்பானில் உடற்பயிற்சியில் ஓர் ஆர்வம் எழுந்தது. அதனைப் பயன்படுத்தி யமாசா என்னும் கம்பனி 1965இல் இடுப்பிலே செருகும் அடி எண்ணி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் மன்போ-கெய். பத்தாயிரம் அடி அளவி என்பது பொருள். சொல்வதற்கு எளிய முழு எண், விற்பதற்கும் வாய்ப்பான எண். அந்த விற்பனைப் பெயரே அறுபது ஆண்டுகளில் உலகம் முழுவதற்கும் ஒழுக்க விதியாகிவிட்டது.

விஞ்ஞானம் பின்னர் வந்து என்ன கூறியது? சராசரி 72 வயதான 16,741 பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வொன்று, நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு வீதம் கணிசமாகக் குறைந்திருப்பதையும், ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் அந்த நன்மை கூடாமல் நின்றுவிடுவதையும் கண்டது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் அடிக்கணக்கையே பேசவில்லை. வளர்ந்தோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரையிலான மிதமான உடலுழைப்பு என்றே கூறுகிறது. சந்தை பிறப்பித்த எண்ணுக்கும் ஆராய்ச்சி காட்டும் அளவுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது.

இவ்வாறு கூறுவதனால் பட்டி பயனற்றது என்ற முடிவுக்கு வாசகர் விரைந்துவிடலாகாது. சலரோகமும் இருதய நோயும் எம்மிடையே மலிந்துள்ளன. ஆசிரியர் அறையில் மத்தியான உணவுக்கு முன் மாத்திரை விழுங்காதவர்களை எண்ணிவிடலாம். நாள் முழுவதும் நின்றோமே, நடந்தோமே என்று நாம் நினைத்திருந்த ஒரு நாளில் பட்டி 3,100 என்று காட்டியபோது எமக்கு வெட்கமே உண்டாயிற்று. அதன்பின் பஸ்ஸுக்குக் காத்திராமல் இரண்டு தரிப்பிடங்களை நடந்து கடக்கத் தொடங்கினோம். எமது அனுபவம் தனித்ததன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளிவந்த மதிப்பீடொன்று, இத்தகைய கருவிகளை அணிந்தோர் நாளொன்றுக்குச் சராசரி 1,800 அடி கூடுதலாக நடக்கின்றனர் என்று காட்டுகிறது. அதே வேளை, 471 பேரை இரண்டாண்டுகள் அவதானித்து 2016இல் வெளியிடப்பட்ட வேறோர் ஆய்வில், கருவி அணிந்தோர் 3.5 கிலோ நிறை குறைய, அணியாதோர் 5.9 கிலோ குறைந்தனர். நடக்கத் தூண்டும் ஆற்றல் பட்டிக்கு உண்டு. நோய் தீர்க்கும் ஆற்றலை அதற்கு ஏற்றிக் கூறுவது விளம்பரம்.

நிற்க. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது மேற்கூறிய ஆய்வுகள் அல்ல. நாம் கற்பிப்பது மலையகத்துப் பாடசாலை ஒன்றில். எமது மாணவர்களுட் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள். ஒருநாள் பாடம் முடிந்ததும் மாணவன் ஒருவன் எமது மணிக்கட்டைக் காட்டி, "எங்க அம்மா ஒரு நாளைக்கு எத்தனை அடி நடப்பாங்க சேர்?" என்று கேட்டான். எமக்கு விடை தெரியவில்லை. பட்டியைக் கழற்றி அவனிடம் கொடுத்து, ஒரு நாளைக்கு அம்மாவின் கையிற் கட்டிவிடும்படி கூறினோம்.

மறுநாள் விடியற்காலை பிரட்டுக்களத்துக்கு அந்த அம்மா அதனைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். காலை நிறுவைக்குக் கொழுந்து மடுவத்துக்கு வந்து சேருமுன்னரே பட்டி அதிர்ந்து, இன்றைய இலக்கு நிறைவேறிற்று என்று வாழ்த்துக் கூறியிருக்கிறது. மாலையில் அது காட்டிய எண் 21,000க்கு மேல். அவற்றுள் கால்கள் மலையேறியவை எத்தனை, கைகள் கொழுந்து பறித்த அசைவுகள் எத்தனை என்று அக்கருவி அறியாது. ஏறிய செங்குத்தையும், முதுகிற் சுமந்த நிறையையும், காலைக் கடித்த அட்டையையும் அது அறியாது. இன்னொரு கணக்கும் அன்று மாலையில் முடிந்தது. அத்தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு 18 கிலோ கொழுந்து பறிக்க வேண்டும். வறண்ட காலமாதலால் அன்றைய நிறுவை இரண்டு கிலோ குறைந்துவிட்டது. அரைப் பேர் போட்டார்கள். மறுநாள் பட்டியைத் திருப்பிக் கொடுத்த மாணவன் தாயார் சொன்னதையும் சொன்னான்: "இதாவது எனக்கு முழுப் பேரு போட்டுச்சே."

ஒரே உடல், ஒரே நாள், இரண்டு கணக்குகள். மடுவத்துத் தராசு கொழுந்தை மாத்திரம் எண்ணியது. உழைத்த உடலை எண்ணவில்லை. பட்டி உடலை எண்ணியது; அந்த எண்ணுக்குச் சம்பளப் புத்தகத்தில் இடமில்லை. வாழ்த்துக் கூறிய கணக்குக்கு அதிகாரமில்லை. அதிகாரமுள்ள கணக்குக்கு வாழ்த்தும் வழக்கமில்லை. எண் தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. எதனை எண்ணுவது, எவ்வளவு எண்ணினால் போதும், எண்ணியபின் என்ன செய்வது என்பவற்றை யார் தீர்மானிக்கிறார் என்பதே வினா. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்டத் தொழிற்சங்கங்கள் நடத்தி வந்துள்ள சம்பளப் போராட்டங்களின் உள்ளுறையும் இதுவே.

உழைப்பாளியின் அசைவை அளத்தல் புதியதன்று. வேலைநாளின் நீளத்துக்காக நடந்த போராட்டத்தை மார்க்ஸ் 1867இல் வெளிவந்த 'மூலதன'த்தின் முதற்பாகத்தில் விரிவாக ஆராய்ந்தார். பிரெடரிக் டெய்லர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், நேரத்தை நீட்டுவதோடு அமையாமல் ஒவ்வோர் அசைவையும் நிறுத்தற்கடிகாரத்தால் அளந்து கூடுதலான உழைப்பைப் பெறும் முறையை வகுத்து 1911இல் நூலாக வெளியிட்டார். உருக்காலை ஒன்றில் நாளொன்றுக்கு 12½ தொன் இரும்பு சுமந்த தொழிலாளியை 47 தொன் சுமக்கச் செய்ததை அந்நூலில் அவரே பெருமையுடன் கூறுகிறார். சுமை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று, கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராயிற்று. அதே 1911இல் வோட்டர்டவுன் என்னும் இடத்து அரசாங்க ஆயுதச்சாலை வார்ப்புத் தொழிலாளர் அந்த நிறுத்தற்கடிகாரத்தை எதிர்த்து வேலையைவிட்டு வெளியேறினர். கடிகாரம் என்ற பொருளோடு அவர்களுக்குப் பகையில்லை. அது யாருடைய கையில் இருந்தது என்பதே அவர்களின் முறைப்பாடு.

டெய்லரின் கடிகாரம் மேற்பார்வையாளரின் கையில் இருந்தது. எமது கடிகாரத்தை நாமே விலைகொடுத்து வாங்கி எமது கையிலே கட்டிக்கொள்கிறோம். இவ்வேறுபாட்டைக் கண்டு, இது சுதந்திரமான தெரிவல்லவா என்று கேட்போர் 2018இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜினியாவில் நடந்ததை அறிதல் நன்று. அங்கே ஆசிரியர்களின் மருத்துவக் காப்புறுதியோடு உடல்நலத் திட்டம் ஒன்று இணைக்கப்படவிருந்தது. அதில் சேர்ந்து, நடந்த அடிகள் முதலியவற்றைக் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றின் வழியே ஒப்புவித்துப் புள்ளிகள் பெற வேண்டும். மறுப்போர் மாதந்தோறும் 25 டொலர் கூடுதலாகச் செலுத்த வேண்டும். சம்பளக் குறைவாலும் காப்புறுதிச் செலவாலும் ஏற்கெனவே நொந்திருந்த ஆசிரியர்களுக்கு இஃது எரியும் நெருப்பில் எண்ணெயாயிற்று. எதிர்ப்பைக் கண்டு அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் கோபம் தணியவில்லை. பெப்ரவரி 22ஆந் திகதி மாநிலத்தின் 55 மாவட்டங்களிலும் பாடசாலைகள் மூடப்பட்டன. ஏறத்தாழ 20,000 ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, மார்ச் மாதத் தொடக்கத்தில் நூற்றுக்கு 5 சம்பள உயர்வுடன் வகுப்பறைக்குத் திரும்பினர். எமது தொழிலைச் சேர்ந்தோர் இவ்விடயத்தில் எமக்கு முன்னோடிகளாக நின்றதை ஆசிரியர்களாகிய நாம் நினைவிற் கொள்ள வேண்டும். அதே ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவின் பழைய ஆயுட் காப்புறுதிக் கம்பனிகளுள் ஒன்றான ஜோன் ஹான்கொக், இனித் தனது எல்லா ஆயுட் காப்புறுதிகளும் உடற்பயிற்சிக் கணக்கோடு இணைந்தே வழங்கப்படும் என்று அறிவித்தது. கணக்கை ஒப்புவிப்போருக்குச் சலுகை உண்டு. ஒப்புவிக்காதோருக்கு அச்சலுகை இல்லை. இன்று சலுகையாக வருவது நாளை நிபந்தனையாகலாம் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

மலிவு பற்றியும் ஒரு சொல். 2014இல் சீனத்து ஷாவோமி கம்பனி 79 யுவானுக்கு ஒரு பட்டியை வெளியிட்டபோது, அஃது அக்காலத்து அமெரிக்கப் பட்டிகளின் விலையில் ஒரு சிறு பகுதியே. உதிரிப் பாகங்கள் பெருந்தொகையாக உற்பத்தியானதும், கைத்தொலைபேசித் தொழில் ஏற்கெனவே வளர்ந்திருந்ததும் இம்மலிவுக்குக் காரணங்கள். இது வரவேற்கத்தக்கதே. ஆயின் பொருளின் விலையோடு கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடுவதில்லை. பட்டியைப் பயன்படுத்தக் கைத்தொலைபேசியில் ஒரு செயலியை நிறுவ வேண்டும். வயது, உயரம், நிறை, பால் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். படித்திராத ஒரு நீண்ட உடன்படிக்கைக்குச் சம்மதம் தெரிவிக்க வேண்டும். அதன்பின் எமது உறக்கமும் துடிப்பும் நாம் கண்டறியாத நாடொன்றின் கணினிகளில் சேமிக்கப்படுகின்றன. பிட்பிட் என்னும் பட்டிக் கம்பனியைக் கூகிள் 210 கோடி டொலருக்கு வாங்க 2019இல் ஒப்பந்தம் செய்து 2021இல் அதனைக் கைக்கொண்டது. பல்லாண்டுகளாகச் சேர்ந்திருந்த மனிதர்களின் நடையும் உறக்கமும் அக்கொள்வனவின் மதிப்பிலே பங்குபெறவில்லை என்று எவரும் கூறார். ஸ்ட்ராவா என்னும் உடற்பயிற்சிக் கம்பனி 2017இல் வெளியிட்ட உலக வரைபடத்தில், ஓடிய சிப்பாய்களின் தடங்கள் இராணுவ முகாம்களின் உருவரையையே காட்டிவிட்டன என்பது 2018 ஜனவரியில் உலகறிந்த செய்தியாயிற்று. வல்லரசுகளின் இரகசியமே இவ்வாறு சிந்துமாயின், ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் உறக்கக் கணக்கை யார் காப்பர்? இலங்கையில் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கான சட்டம் 2022இல் நிறைவேற்றப்பட்டது. அச்சட்டத்தை அறிந்த ஆசிரியர் எத்தனை பேர், தொழிற்சங்கவாதி எத்தனை பேர் என்று எம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவற்றினும் நுட்பமான தீங்கு ஒன்றுண்டு. நோயைச் சமுதாயப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இறக்கித் தனிமனிதனின் சோம்பலாகக் காட்டும் பார்வையைப் பட்டி ஓயாமற் பரப்புகிறது. இரவு பத்தரை மணிக்கு, உறங்கும் நேரமாயிற்று என்று அது அறிவுறுத்துகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளையை ஆயத்தம் செய்து, இரண்டு பஸ் மாறி வேலைக்கு வரும் ஆசிரியை அந்த அறிவுறுத்தலைப் பாத்திரம் கழுவிக்கொண்டே வாசிக்கிறார். உறக்கம் போதாமைக்கு அவர் காரணமல்லர். வீட்டு வேலையைப் பெண்ணின் தலையிற் சுமத்திய வழக்கமும், நேரத்துக்கு வராத பஸ்ஸுமே காரணம். நகரத்து வீதிகளில் நடைபாதை இல்லை. இருக்கும் இடங்களிலும் வாகனங்கள் நிறுத்தப்பட்டுள்ளன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது உழைக்கும் குடும்பங்கள் உணவு வேளைகளையே குறைத்துக்கொண்டன. அக்குடும்பங்களின் உடல்நிலை அடிக்கணக்கால் தீருவதன்று. திரையில் இவற்றுக்கு இடமில்லை. அங்கே இருப்பது நாம், எமது இலக்கு, எமது தோல்வி.

எனவே நாம் வற்புறுத்துவது பட்டியை உடைத்தெறிய வேண்டும் என்பதன்று. இயந்திரங்களை உடைத்த தொழிலாளர் இயக்கம், பின்னர் இயந்திரம் வேறு, அதனை உடைமை கொண்ட முறை வேறு என்று கற்றுக்கொண்டது. வாங்கக்கூடியவர் வாங்கட்டும்; நடக்கட்டும். பத்தாயிரம் என்ற எண்ணின் அடிமைத்தனத்தை விடுத்து நடக்கட்டும். விஞ்ஞான ஆசிரியர்கள் இதனை வகுப்பறைக்குக் கொண்டுவந்து, ஆர்முடுகலையும் ஒளியையும் மாத்திரமன்றி, அளவீட்டின் பிழையையும் மாணவருக்குக் காட்டட்டும். ஒரே தூரத்தைக் கைகளை வீசியும், குடை பிடித்தும், துவிச்சக்கரவண்டியிலும் கடந்து எண்களை ஒப்பிடச் செய்தால், எண்ணை ஐயுறும் பழக்கம் இளமையிலேயே வேரூன்றும். எமது சங்கங்கள், உடற் கணக்கைக் காப்புறுதிக்கோ வேலைக்கோ நிபந்தனையாக்கும் எந்த முயற்சியையும் அது தொடங்கும்போதே எதிர்க்கத் தம்மைத் தயார்படுத்திக் கொள்ளட்டும்.

எமது பட்டி இப்பொழுது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. வெறுத்துக் கழற்றவில்லை, நடக்கும் பழக்கம் வந்துவிட்டதனால் அதன் தேவை குறைந்தது. அந்த மாணவன் கேட்ட வினாவுக்கு மாத்திரம் இன்னும் விடை கூற முடியவில்லை. அவனுடைய தாயார் ஒரு நாளில் எத்தனை அடி நடக்கிறார் என்பதைச் சுமார் கணக்காகச் சொல்லிவிடலாம். அத்தனை அடி நடந்தும் அரைப் பேர் ஏன் என்பதே அவ்வினாவின் மறுபாதி. அதற்கு விடை கூறும் கருவியை எந்தக் கம்பனியும் செய்து தரப்போவதில்லை. அதனை அந்த மாணவனும், அவனைப் போன்றோரும், அவர்களுக்குக் கற்பிக்கும் நாமுமே தேடிக்கொள்ள வேண்டும்.